அண்ணி கையில் அறைச் சாவி

அண்ணன் முதன்முதலாக அண்ணியை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று எங்கள் துணி துவைக்கும் இயந்திரம் பாதியில் நின்றுபோயிருந்தது. வருகிறவர் முன்னால் மானம் போகிறதே என்று அம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைக்கப் பார்த்தார். "அத்தை, தொடாதீங்க" என்று ஒரு குரல் கேட்டது. வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் அத்தை. அண்ணி அந்த இயந்திரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்துச்சு?" என்று கேட்டார். துணி துவைத்துக்கொண்டிருந்தது, பின்னே சமைத்துக்கொண்டா இருந்திருக்கும் என்று நான் முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்தது. விழுந்தும் சிரித்தார். இவரிடம் என் பாச்சா பலிக்காது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் அவருக்கு நாத்தனார். குறை கண்டுபிடிப்பது என் பிறப்புரிமை. அதுவும் போதாதென்று, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதும் அதே வேலைதான்: அண்ணி வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே பரிசோதனைப் பிரிவு என் பொறுப்பு. வீட்டிலும் அவர் சமைத்ததில் உப்பு இல்லை என்று சொல்வேன், அலுவலகத்திலும் அவர் எழுதியது ஓடவில்லை என்று சொல்வேன். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரி "அப்படியா, எங்க காட்டு" என்பார். அப்படிப்பட்ட நான் அவரைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மூச்சு இயந்திரம் செய்கிறது. தானாக மூச்சு விட முடியாதவர்களுக்கு அது காற்றை உள்ளே தள்ளும், பிறகு வெளியே விடும். என் பரிசோதனை அறையில் சுவர் ஓரமாக அவை வரிசையாக நிற்கும். மனிதர்களுக்குப் பதிலாக ஒவ்வொன்றின் குழாயிலும் ஒரு ரப்பர் பை மாட்டியிருக்கும். பை உப்பும், வடியும். உள்ளே நுழைந்தால் பெரிய குடும்பம் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டதால், ஒரு பை நின்றால் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும், கண் அப்புறம்தான்.

இயந்திரத்துக்குள்ளே ஒரு சின்னக் கணினி. அதில் பல நிரல்கள் ஓடும். திரையில் கோடு வரைய ஒன்று, மணி அடிக்க ஒன்று, மூச்சுக்கு ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் இடமும் நேரமும் பங்கு போட்டுக் கொடுத்து, சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் கெர்னல். வீட்டில் யார் கண்ணுக்கும் படாமல் எல்லா வேலையும் நடத்துகிற ஒரு ஆள் இருப்பார் இல்லையா, அவரைப் போல. அவர் ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது.

மெமரி என்கிற இடம் எப்போதுமே பற்றாக்குறை. ஒரு நிரல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், கெர்னல் அதன் இடத்தைப் பிடுங்கி வேறு ஒன்றுக்குக் கொடுத்துவிடும். திரும்பக் கேட்டால் தேடித் தரும், ஆனால் கொஞ்சம் தாமதமாகும். திரையில் கோடு தாமதமாக வந்தால் யாரும் சாகப்போவதில்லை. மூச்சு அப்படி இல்லை. அதனால் மூச்சு நிரல் தன் இடத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். பேருந்தில் சன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். நம் கைக்குட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிறவர்களும் உண்டு. கெர்னலுக்குள் அது நடக்கக்கூடாது. கைக்குட்டைக்கு மரியாதை வாங்கித் தரும் பகுதி முழுவதையும் எழுதியவர் அண்ணி. எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே சாவியம்மா.

ஒரு வருஷம் அண்ணியின் கெர்னல் பிரிவில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். நாற்பதைத் தாண்டியவர், பழைய வேலையை விட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் மாறி வந்தவர். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனியில் பட்டும் படாமல் உட்கார்ந்திருப்பார். மாமியார் வீட்டில் முதல் நாள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதே என்று நான் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதோடு அவர் புது மாப்பிள்ளை ஆகிவிட்டார். பாவம், கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

புது மாப்பிள்ளை வேலையில் கெட்டி. மெமரியில் காலி இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி, காலி இடத்தை ஒரே பக்கமாகச் சேர்க்கும் ஒரு பகுதியை அவர் எழுதினார். கைக்குட்டை போட்ட இருக்கையைக்கூட, கைக்குட்டையோடு சேர்த்து நகர்த்தி வைக்கும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல். எல்லோரும் பாராட்டினோம். அதைச் சேர்த்த கொஞ்ச நாளில், என் அறையில் ஒரு பை உப்பியபடியே நின்றது.

இங்கே எங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். அவரும் அது தெரிந்தே நடமாடுகிறார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் காலுக்குக் கீழே எப்போதும் சுடும். பை நின்ற செய்தி கேட்டதும் வந்தார், பார்த்தார், "புதுசா என்ன சேர்த்தோம்?" என்றார். எல்லோரும் புது மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் தன் காலணியைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை அவருடைய வேலையை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டம். மூச்சை நிறுத்திய ஆள் என்று பெயர் வந்துவிட்டால் நிரந்தரம் கிடையாது. இந்தத் தொழிலில் அப்படி ஒரு பெயரோடு வெளியே போனால் வேறு கதவும் திறக்காது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் மட்டும் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மூடி, அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அண்ணி இதைக் கேள்விப்பட்டு என் அறைக்கு வந்தபோது கோபமாக இருந்தார். புது மாப்பிள்ளை மேல் அல்ல, எங்கள் மேல். நின்ற இயந்திரத்தை யாரோ அணைத்து மறுபடி ஓட விட்டிருந்தார்கள்.

"யாரு இதை ரீஸ்டார்ட் பண்ணது?"

"பழக்கதோஷம் அண்ணி. நின்னா கை தானா போகுது."

"செத்தவன் வாயில தண்ணி ஊத்தி எழுப்பி உக்கார வச்சிட்டு, யாரு உன்னைக் கொன்னதுன்னு கேட்டா அவனுக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு ஒட்டும் பட்டையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு இயந்திரத்தின் சுவிட்சுக்கு மேலேயும் குறுக்கே ஒட்டினார். உறைந்த இயந்திரத்தைத் தானாகவே மறுபடி ஓட வைக்கும் காவல் கடிகாரம் ஒன்று உள்ளே இருக்கும். மருத்துவமனைக்கு அது அவசியம், என் அறைக்கு அது எதிரி. அதையும் நிறுத்தி வைத்தார். இனி ஒன்று நின்றால் நின்றபடியே நிற்க வேண்டும் என்பது உத்தரவு.

நிற்க வேண்டும் என்று நினைத்தால் நிற்குமா? பைகள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு மூச்சு விட்டன. அதற்குள் அவசரம் ஒரு காரியம் செய்தார். எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க புது மாப்பிள்ளை தன் பகுதியின் நடுவே ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த இடத்துக்கு வந்ததும் அது "வந்தாச்சு" என்று எழுதும். அந்த வரி இருக்கும் இயந்திரம் எதுவும் நிற்கவில்லை. வரி இல்லாதபோது மட்டும்தான் முன்பு நின்றிருந்தது. அவசரம் முகம் மலர்ந்து, "அப்ப அந்த வரியோடயே அனுப்பிடலாம்" என்றார்.

சிரிக்காதீர்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும், வந்தும் இருக்கிறது. "வந்தாச்சு" என்று எழுத ஆகிற இம்மி நேரத்தில், மோத வேண்டிய இரண்டு பகுதிகளில் ஒன்று தாண்டிப் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

"நோய் போகலை, ஒளிஞ்சிருக்கு" என்றார் அண்ணி. "நாளைக்கு வேகமான சிப் ஒண்ணு வாங்கிப் போடுவீங்க. அப்ப 'வந்தாச்சு'ன்னு சொல்ல ஆகற நேரமும் குறையும். அன்னிக்கு யாரோ ஒருத்தருக்கு மூச்சு நிக்கும். அவங்க வீட்டுல போய் நீங்க என்ன சொல்வீங்க?"

அவசரம் அனுப்புவதைத் தள்ளி வைத்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தள்ளி வைக்கவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். புதன்கிழமை மதியம் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சத்தத்தில் ஒரு இழை குறைந்தது. திரும்பிப் பார்த்தால் சன்னலோரத்துப் பை உப்பி நின்றிருந்தது. யாரும் தொடவில்லை. பட்டை தன் வேலையைச் செய்தது. அண்ணி தன் கணினியிலிருந்து ஒரு கம்பியை மாட்டி, உறைந்துபோன கெர்னலின் வயிற்றுக்குள்ளே யார் எதைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று படித்தார். படிக்கும்போது தலைமுடிக்குள் செருகிய பென்சிலைத் தேடிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். செருகியது ஞாபகம் இருக்காது.

இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள். அண்ணியின் பூட்டும் பகுதி ஒன்று, புது மாப்பிள்ளையின் நகர்த்தும் பகுதி மற்றது.

இதைப் புரியவைக்க எங்கள் வீட்டுக்கு ஒரு நிமிஷம் வர வேண்டும். அண்ணிக்கு ஒரு பெண், ஒரு பையன். ஒருநாள் கூடத்தில் இரண்டும் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தன. என் அண்ணன் ஒரு அப்பாவி. "பாரு, எவ்வளவு சமத்தா இருக்குதுங்க" என்று பூரித்துப்போனான். அண்ணி எட்டிப் பார்த்தார். பெரியவள் கையில் கத்தரிக்கோல், சின்னவன் கையில் பசை. காகிதத்தில் வீடு செய்ய இருவருக்கும் இரண்டும் வேண்டும். நீ முதலில் கொடு, நீ முதலில் கொடு என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் மௌனம். சண்டை போட்டாலாவது நமக்குத் தெரியும். அண்ணி அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார்: யாராக இருந்தாலும் கத்தரிக்கோலை முதலில் எடுக்க வேண்டும், அது கையில் இல்லாமல் பசையைத் தொடவே கூடாது. அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. கத்தரிக்கோல் கிடைத்தவருக்குப் பசையும் கிடைக்கும், முடித்துவிட்டு இரண்டையும் வைப்பார், அடுத்தவர் எடுப்பார்.

கெர்னலிலும் அதே சட்டம்தான். ஒரு நிரலின் மெமரி முழுவதுக்கும் ஒரு பெரிய பூட்டு; அண்ணி அதை வீட்டுச் சாவி என்பார். உள்ளே ஒவ்வொரு துண்டு இடத்துக்கும் ஒரு சின்னப் பூட்டு, அது அறைச் சாவி. வீட்டுச் சாவி முதலில், அறைச் சாவி பிறகு. எல்லோருக்கும் மனப்பாடம். இந்த வரிசையை யாராவது மீறினால் கத்துவதற்கென்றே ஒரு காவல் நிரலும் வைத்திருக்கிறோம். ஆனால் அது கத்தவே இல்லை. காவல் கத்தவில்லை என்றால் வரிசை சரி. வரிசை சரி என்றால் புதிதாக வந்தவர்தான் வேறு ஏதோ கோணல் செய்திருக்கிறார். இதுதான் எல்லோருடைய கணக்கும். அண்ணியின் கணக்கும்கூட.

வியாழக்கிழமை காலை அண்ணி நாடகம் போடலாம் என்றார். அவருடைய வேலை முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது. கூட்ட அறையில் மேசையை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொருவரும் ஒரு பகுதியாக நிற்க வேண்டும். கையில் உண்மையான சாவிகள். வீட்டுச் சாவிக்கு அலுவலகக் கழிப்பறைச் சாவி, பெரிய மரக்கட்டை கட்டியது. அறைச் சாவிக்கு என் அலமாரிச் சாவி. அவரவர் நிரலை அச்சிட்ட தாள் ஆளுக்கு ஒன்று. ஒரு வரி படிக்க வேண்டும், அதில் சொன்னதைச் செய்ய வேண்டும், அடுத்தவர் ஒரு வரி. ஒரே ஒரு விதி: யாரும் மனசிலிருந்து பேசக்கூடாது, தாளைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். "எழுதினவனுக்குத் தான் எழுத நினைச்சதுதான் ஞாபகம் இருக்கும், எழுதினது இருக்காது" என்பார் அண்ணி.

புது மாப்பிள்ளை அவருடைய பகுதியாக நின்றார். அண்ணி அவருடைய பகுதியாக. நான் மெமரி. அதாவது, கேட்கிறவர்களுக்கெல்லாம் இடம் இல்லை என்று சொல்லும் வேடம், எனக்குப் பொருத்தம்தான். அவசரம் கதவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். புது மாப்பிள்ளை தன் தாளை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். பாவம், தூக்கு மேடையில் நின்றுகொண்டு நாடகம் நடிப்பது எளிதா?

நாடகம் ஓடியது. அவர் வீட்டுச் சாவியை எடுத்தார், அறைச் சாவியை எடுத்தார், நகர்த்தினார், இரண்டையும் வைத்தார். அண்ணி எடுத்தார், பூட்டினார், வைத்தார். மாற்றி ஓட்டினோம், இடையில் நிறுத்தி ஓட்டினோம். எங்கேயும் முட்டவில்லை. அவசரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புது மாப்பிள்ளையின் கழுத்துப் பொத்தானுக்கு மேலே வியர்வை.

அப்போதுதான் கவனித்தேன். அண்ணியின் தாள் மேசைமேல் மடித்தபடி கிடந்தது.

நாத்தனார் புத்தி சும்மா இருக்குமா? "அண்ணி, நீங்க தாளையே பாக்கலையே" என்றேன்.

"இது எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் வரும்மா."

"விதி யாருக்கு?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டே தாளை எடுத்துப் பிரித்தார். முதல் வரியிலிருந்து படித்தார். வீட்டுச் சாவி எடுத்தாயிற்று. அறைச் சாவி எடுத்தாயிற்று. இடம் கேட்டார். நான் என் வேடத்துக்குத் தகுந்தபடி, இல்லை என்றேன். இதற்கு முன் ஓட்டியபோதெல்லாம் அவர் "சரி, காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு சாவியையும் மேசையில் வைத்திருந்தார். இப்போது தாளைப் பார்த்து மெதுவாகப் படித்தார்: "வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடு. காத்திரு."

மரக்கட்டைச் சாவியை மேசையில் வைத்தார். என் அலமாரிச் சாவி அவர் கையிலேயே இருந்தது.

அடுத்து புது மாப்பிள்ளையின் முறை. அவர் தன் வரியைப் படித்து, மேசையிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். அடுத்த வரியில் அவருக்கு அறைச் சாவி வேண்டும். அது அண்ணியிடம் இருக்கிறது. அண்ணியை நோக்கிக் கையை நீட்டினார். நான் இடம் வந்துவிட்டது என்றேன். அண்ணியின் அடுத்த வரி: "வீட்டுச் சாவியை மறுபடி வாங்கு." அண்ணி அவரை நோக்கிக் கையை நீட்டினார்.

இருவரும் அப்படியே நின்றார்கள். ஒருவர் கையில் மரக்கட்டை, இன்னொருவர் கையில் என் அலமாரிச் சாவி, நடுவில் நீட்டிய இரண்டு கைகள். சன்னலோரத்தில் உப்பி நின்ற பை என் ஞாபகத்துக்கு வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி கையை இறக்கவில்லை. தாளை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அந்த வரிக்கு மேலே இன்னொரு சின்ன வரி இருந்தது. காவல் நிரலுக்கு இடும் கட்டளை: இந்த இடத்தில் கத்தாதே. பக்கத்தில் ஒரு குறிப்பு: பூட்டிய இடத்தை யாரும் நகர்த்தமாட்டார்கள், அதனால் இது பாதுகாப்பானது. எழுதியவர் பெயர் அண்ணியுடையது.

அவர் எழுதிய காலத்தில் அது உண்மைதான். பூட்டிய இடத்தை அன்று யாரும் நகர்த்தவில்லை. காவல் நிரல் தேவையில்லாமல் கத்துகிறது என்று அதன் வாயைக் கட்டினார். வருஷங்கள் போயின. புது மாப்பிள்ளை வந்து, விதிப்படி, வரிசைப்படி, ஒரு பிசகும் இல்லாமல் நகர்த்த ஆரம்பித்தார். கட்டிய வாய் கட்டியபடியே இருந்தது.

"உங்க மேல தப்பில்லை" என்றார் அண்ணி புது மாப்பிள்ளையிடம். "நீங்க வரிசையாத்தான் எடுக்கறீங்க. நான்தான் மீறியிருக்கேன். மீறினதை யாரும் சொல்லக்கூடாதுன்னு வாயையும் கட்டியிருக்கேன்."

புது மாப்பிள்ளை மரக்கட்டைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. கண் சிவந்திருந்ததை நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

அண்ணி அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு ஓட்டினார். இயந்திரம் கண் திறப்பதற்குள் காவல் நிரல் ஊரைக் கூட்டியது. அத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்தது போல் இருந்தது.

திருத்தம் சின்னது. காத்திருக்கப் போகும்முன் அறைச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும், வந்தபின் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரச்சினை அதில் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிழையைத் திருத்தினால், அது யாருடைய எந்த மாற்றத்தால் வந்தது என்று திருத்தத்தின் கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும். அது கெர்னலின் வரலாற்றோடு ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு யாரும் அழிக்க முடியாது. அண்ணி அதில் தன் பழைய மாற்றத்தையும் தன் பெயரையும் எழுதினார்.

அவசரம் ஓடி வந்தார். அவர் ஏன் ஓடி வந்தார் என்பது எனக்குத் தெரியும். அதே வெள்ளிக்கிழமை, அதே கூட்டத்தில், கெர்னல் பிரிவு முழுவதுக்கும் அண்ணியைத் தலைவராக்கும் பேச்சும் இருந்தது.

"இந்த வரி இப்ப அவசியமா? நாளைக்கு ஒரு நாள் பொறுத்து எழுதக்கூடாதா?"

"நாளைக்கு அவரைப் பத்தி முடிவெடுக்கறப்ப, அவங்க இந்த வரியைப் பாக்கணும் இல்லையா?"

"அவர் தப்பில்லைன்னு நான் வாயால சொல்லிடறேன். உங்க பேரு எதுக்கு?"

"யார் தப்புன்னு சொல்லாம அவர் தப்பில்லைன்னு சொன்னா, பெரிய மனசு பண்ணி விட்டாங்கன்னுதான் பேசுவாங்க. காலம் பூரா அது அவர் மேல ஒட்டிட்டு நிக்கும்."

அவசரம் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. சொல்லியிருப்பேன். எனக்கும் ஆசைதான், எங்கள் வீட்டு மருமகள் தலைவர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று. ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரத்திடம் முடியாது என்று தலையை ஆட்டினேன்.

அதோடு நிறுத்தினாரா? ஒரு திருத்தத்தை இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்னால்தான் உள்ளே சேரும். அண்ணி அதை நேராக புது மாப்பிள்ளையின் மேசைக்குக் கொண்டுபோனார். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் எப்படிங்க உங்களுதைப் பாக்கறது?"

"தாளைப் பார்த்துத்தான்" என்றார் அண்ணி. "என் முகத்தைப் பாக்காம."

வெள்ளிக்கிழமை காலை புது மாப்பிள்ளை வந்து அண்ணியின் மேசை ஓரம் நின்றார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். முதலிலிருந்து தொடங்கும்போது, பூட்டிய இடத்தின் கணக்கு ஏற்கெனவே ஒருமுறை ஏறியிருக்கும், மறுபடியும் ஏறும், நாளடைவில் இருக்கிற இடமெல்லாம் பூட்டியாகிவிட்டதாகக் கெர்னல் நினைத்துக்கொள்ளும் என்று, ஏதோ தான் குற்றம் செய்தவர் போல் சொன்னார். அண்ணி தாளைப் பார்த்தார். பென்சிலைத் தேடினார். நான் அவர் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"ஆமா" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. தன் தவற்றை ஒருவர் கண்டுபிடித்ததற்காக இப்படி முகம் மலர்கிற மனுஷியை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. நான் உப்பு இல்லை என்று சொல்லும்போதுகூட ஒருவேளை உண்மையிலேயே சந்தோஷப்பட்டிருப்பாரோ என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்தக் கணக்கையும் சரிசெய்தபின், கூட்டம் நடக்கும்முன் திருத்தம் உள்ளே போனது. தவறு செய்தவர் அண்ணி, திருத்தியவர் அண்ணி, படித்துச் சரி என்றவர் புது மாப்பிள்ளை. அவருக்கு வேலை நிரந்தரம் ஆனது. தலைவர் பதவியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப் போட்டார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் நான் கூட்டத்தில் இருந்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். அண்ணி வண்டியை ஓட்டியபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்றேன்.

"இருக்கு. ஏன் இல்லாம?" என்றார். "அந்த நாற்காலி எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு." சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார். "வேணும்தான். ஆனா இன்னொருத்தர் தலையில ஏறி உக்காந்துட்டு வேண்டாம்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாத்தனார் அழுவதை அண்ணி பார்க்கக்கூடாது. எங்கள் உறவுக்கு அது நல்லதில்லை.

திங்கள்கிழமை புது மாப்பிள்ளை கழுத்துப் பொத்தான் போடாமல் வந்தார். மேசைக்குப் போனார், கணினியைத் திறந்தார், ஒரு பெருமூச்சு விட்டு, சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக நாற்காலியில் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தார். சாய்ந்தவர் அப்படியே பின்னால் போனார். நாற்காலியின் முதுகு கழன்று தொங்க, கால் இரண்டும் மேசைக்கு மேலே தெரிந்தன. நாங்கள் ஓடினோம். ஒருவர் நாற்காலியை நிமிர்த்தப் போனார்.

"தொடாதீங்க" என்றார் அண்ணி. வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழன்ற இடத்தைப் பார்த்தார். பிறகு, தரையில் கிடந்தவரிடம், "விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலைங்க" என்றார் புது மாப்பிள்ளை. "சாஞ்சேன். அவ்வளவுதான்."

"அப்ப நாற்காலி மேலதான் தப்பு" என்று சொல்லி அண்ணி அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.